வியாழக்கிழமை நாலு மணிக்கு மூன்று டம்ளர்

ஜனவரி 2, வியாழன்

புது டைரி. எந்தப் பாடத்தையும் முன்னுரை இல்லாமல் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை.

பெயர் வைத்தியலிங்கம். வயது அறுபத்தேழு. மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்றதும் நானும் அரசியும் பெங்களூரில் மகன் செழியன் வீட்டுக்கு வந்தோம். செழியன் வேலை மாறி டப்ளின் போனான். அங்கே பேத்தி பிறந்ததும் அக்டோபரில் அரசியும் போனாள். மூன்று மாதத்தில் வந்துவிடுவாள். அதுவரை வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். வீடும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, வேறு ஆள் இல்லாததால்.

நவம்பரில் லிஃப்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இரண்டு தெரு தள்ளி, முன்பு ஐஸ் ஃபாக்டரியாக இருந்த கட்டடத்தில் பீர் காய்ச்சுகிறார்கள். சுவை பார்த்துச் சொல்ல ஆட்கள் தேவை, குடித்த அனுபவம் அவசியமில்லை, மூக்கு இருந்தால் போதும் என்று போட்டிருந்தது. என் குடி அனுபவம், சகலையின் கல்யாணத்தில் அரை டம்ளர். மூக்கு உண்டு. போனேன்.

அங்கே காய்ச்சுகிற பெண் கார்த்தியாயினி, கோயம்புத்தூர்க்காரர். எல்லோருக்கும் காத்தி. டம்ளரை மூக்கருகே கொண்டுபோகாமல், கையால் விசிறி ஆவியை முகர்ந்தேன். "எங்கீங்க சார் இதைக் கத்துக்கிட்டீங்க?" என்று அசந்துபோனார். பதினொன்றாம் வகுப்புச் செய்முறைப் பாடம் என்றேன். அமிலக் குப்பிக்குள் மூக்கை விடக்கூடாது என்று வருடத்துக்கு நூற்றிருபது பேருக்குச் சொன்னவன்.

குழுவில் ஐந்து பேர். வியாழன் மாலை நாலு மணி. ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று டம்ளர், ஒவ்வொன்றிலும் ஒரு மூன்றிலக்க எண். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. வேறானதை முகர்ந்து, ருசித்து, எண்ணை வட்டமிட வேண்டும். காரணம் எழுத வேண்டும். பேசக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத பிசகு பீரில் வந்திருக்கிறதா என்று காத்தி இப்படித்தான் பார்க்கிறார். பரீட்சை முடிந்தபின் ஆளுக்கு ஒரு டம்ளர் இலவசம், அரை மணி நேரம் பேச்சு.

அறிவியலுக்காகத்தான் போகிறேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

இன்று குடித்தது டபுள் ஐபிஏ என்ற கசப்பு பீர். ஆல்கஹால் எட்டு சதவீதம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர், தனக்குத் தெரிந்த அத்தனையையும் முதல் பீரியடிலேயே சொல்லிவிடுவாரே, அப்படி ஒரு கசப்பு. பத்துக்கு ஆறு.

ஜனவரி 5, ஞாயிறு

அரசி வீடியோவில் வந்தாள். பேத்தி கையை ஆட்டினாள். "ஏங்க, ஏன் உம்முனு உக்காந்திருக்கீங்க? பிள்ளை பயப்படுது பாருங்க" என்றாள் அரசி. நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். கேமராவைத் துடைத்தேன்.

வியாழக்கிழமை என்ன செய்கிறீர்கள் என்றாள். ஓர் ஆய்வுக் குழுவில் இருக்கிறேன் என்றேன். பொய் இல்லை.

ஜனவரி 9, வியாழன்

ஸ்டவுட் என்ற கறுப்பு ஏல். ஏல் என்பது பீரில் ஒரு கிளை. ஈஸ்ட்டைக் குளிரில் வைத்து வேலை வாங்கினால் லாகர், கொஞ்சம் சூட்டில் விட்டால் ஏல். குளிரில் வேலை செய்பவர்கள் மெதுவாக, சுத்தமாகச் செய்வார்கள். சூட்டில் செய்பவர்கள் கலைத்துப்போட்டுச் செய்வார்கள், ஆனால் சுவாரசியமாக. எங்கள் ஆசிரியர் அறையிலும் இந்த இரண்டு வகைதான் இருந்தது.

மூன்று டம்ளரும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. சளி பிடித்திருக்கிறது போல.

எதிரில் ஃபிலோமினா சிஸ்டர். கோலார் தங்கவயலில் சுரங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. முதல் வாரம் நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு வந்ததற்காகக் காத்தி அவரைத் திருப்பி அனுப்பினார். "தலைவலிக்குத் தைலமும் தடவக்கூடாதுன்னா அப்புறம் பீரு எதுக்கும்மா?" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தவர். அவருக்கு ஒரு பழக்கம். வேறான டம்ளரைக் கண்டுபிடித்ததும் அதை ஓர் அங்குலம் முன்னால் தள்ளி வைப்பார். அவருக்கே தெரியாது. எல்லோருக்கும் ஒரே எண்கள்தான். தலைகீழாகப் படிப்பது ஆசிரியருக்குக் கஷ்டமில்லை.

கண் தற்செயலாகப் போயிற்று.

ஸ்டவுட்டுக்குப் பத்துக்கு எட்டு.

ஜனவரி 10, வெள்ளி

தைலம் வாங்கி முகர்ந்து பார்த்தேன். இப்போதெல்லாம் தைலத்தில் வாசனையே வைப்பதில்லை போலும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஒற்றை ஆளுக்குப் பொங்கல் வைப்பதில் ஒரு சங்கடம், பானை பொங்கும்போது 'பொங்கலோ பொங்கல்' என்று தனியாகக் கத்த வேண்டியிருக்கிறது. மெதுவாகச் சொன்னேன்.

சர்க்கரைப் பொங்கலை வாட்ச்மேன் கங்கப்பாவுக்குக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, மரியாதையாக மூடி வைத்தார். "சார், நெய் பழசு. நாத்தம் வருது" என்றார் அவருடைய தமிழில். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வேளை அதையே சாப்பிட்டேன்.

ஜனவரி 16, வியாழன்

பெல்ஜியம் பாணி ஏல், ட்ரிபெல் என்று பெயர். பொன் நிறம், எட்டு சதவீதம். பார்ப்பதற்குச் சாது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிற அதிகாரிகளில் சிலர் இப்படி இருப்பார்கள். புன்னகையோடு வந்து, டீ குடித்து, போகும்போது மூன்று பேருக்கு மெமோ. நாற்காலியிலிருந்து எழுந்தபோதுதான் எனக்கும் மெமோ கிடைத்தது. பத்துக்கு ஒன்பது.

சிஸ்டரின் 662 முன்னால் நகர்ந்தது. நானும் 662. காரணம் எழுதும் இடத்தில் 'கிராம்பு, பழுத்த வாழை, லேசான மிளகு' என்று எழுதினேன். காய்ச்சும் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

முப்பத்து மூன்று வருடம் பரீட்சை அறையில் நடந்தவன் நான். முழங்கைக்கு அடியில், தொடையில், ஸ்கேல் பின்னால் எழுதியதையெல்லாம் பிடித்திருக்கிறேன். பிடிபட்டவன் எப்போதும் ஒன்றையே சொல்வான், 'இன்னிக்கு மட்டும்தான் சார்'.

இன்றைக்கு மட்டும்தான்.

ஜனவரி 23, வியாழன்

இன்றைக்கும்.

பரீட்சை முடிந்ததும் காத்தி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "மூணு வாரமா வைத்தி சார் ஒண்ணுகூடத் தப்பில்லைங்க. அதுவும் காரணம் எழுதறது பாருங்க, கட்டுரைதான். என்ன, எழுத்துத்தான் எறும்பு ஊர்ற மாதிரி. பூதக்கண்ணாடி வேணுங்க."

"தாள் மிச்சம்" என்றேன்.

"நானுந்தான் எல்லாம் ரைட்டு போடறேன், என்னை யாரும் ஒண்ணும் சொல்லக் காணோம்" என்றார் சிஸ்டர்.

"நீங்க எண்ணை மட்டும் எழுதிட்டு விட்டுடறீங்களே சிஸ்டர். காரணத்துல 'மோசம்'னு ஒரு வார்த்தை."

"மோசமா இருந்தா மோசம்னுதான் எழுத முடியும். வாத்தியாரு மாதிரி பொண்ணு பாக்க வந்தவன் கணக்கா வர்ணிக்க எனக்கு வராதும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். குழுவில் மற்ற மூவர் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இருவரும், ஒரு கட்டட வரைபடக்காரரும். அரை மணி என்பது இன்று ஒரு மணி ஆயிற்று. நான் கிளம்பும்போது சிஸ்டர், "வாத்தியாரே, அடுத்த வாரம் வரீங்கல்ல?" என்று கேட்டார். பெங்களூரில் என்னிடம் அப்படிக் கேட்கிற இடம் இது ஒன்றுதான் என்று நடந்து வரும்போது தோன்றியது. இதை எழுதியிருக்க வேண்டாம். பேனாவில் எழுதிவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

குழந்தை காப்பகத்துக்குப் போகும்வரை அரசி அங்கேயே இருப்பாளாம். ஜூன் ஆகலாம். "உங்களுக்கு ஒண்ணும் சிரமமில்லையே?" என்றாள். எனக்கென்ன சிரமம் என்றேன். தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று சொல்லி முடித்தேன். லாரி வரவில்லை.

ஜனவரி 30, வியாழன்

பார்லி ஒயின். பெயரில்தான் ஒயின், வலுவான ஏல். பிரிவு உபசார விழாச் சொற்பொழிவு மாதிரி நீளம், இனிப்பு, கனம். முடிந்தபின் யாராலும் எழுந்திருக்க முடியாது. ஏழரை.

சிஸ்டருக்கு நிஜமாகவே ஜலதோஷம். தும்மிக்கொண்டே இருந்தார். மூன்று டம்ளரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் 528-ஐ முன்னால் தள்ளினார். நான் 528 என்று வட்டமிட்டு ஆறு வரி எழுதினேன். கருகிய வெல்லம், முதல் மழையில் ஈரமண், ஓரத்தில் உலர்ந்த திராட்சை. மற்ற இரண்டிலும் இவை இல்லை என்றும் எழுதினேன்.

நன்றாக வந்திருந்தது.

பிப்ரவரி 1, சனி

காத்தி ஃபோனில் கூப்பிட்டு வரச்சொன்னார். பகல் நேரத்தில் அந்த இடம் வெறும் தொட்டிகளும் குழாய்களும். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. முந்தாநேத்து வெச்ச மூணு டம்ளரும் ஒரே பீருங்க. சும்மா ஒரு சோதனை. அப்பப்ப இப்படி வெக்கணும்னு முறை. மத்த மூணு பேரும் 'வித்தியாசம் இல்லை'ன்னு எழுதிட்டாங்க. நீங்க 528. சிஸ்டரும் 528."

நான் வகுப்பில் காப்பி அடித்தவர்களைப் பிடித்ததே இப்படித்தான். சரியான விடை இருவருக்கும் ஒன்றாக இருக்கலாம். தப்பும் ஒன்றாக இருந்தால்?

"நீங்க ஏதோ உங்க நாக்குக்குத் தோணினதை எழுதியிருக்கீங்க, அது யாருக்கும் நடக்கும். ஆனா பழைய தாளெல்லாம் எடுத்துப் பாத்தேனுங்க. நாலு வாரமா சிஸ்டர் எண்ணும் உங்க எண்ணும் ஒண்ணுதான். அவங்க காரணமே எழுதறதில்லை. எதிர்லதான் உக்கார்றாங்க." தாள்களை என் முன்னால் வைத்தார். "சார், அவங்க உங்களைப் பாத்து எழுதறாங்களா?"

இதற்கு விடை ஒரு வார்த்தை.

"நான் கவனிக்கலைம்மா" என்றேன்.

"சரிங்க. நான் பக்குவமாப் பேசிக்கறேன்."

திரும்பும் வழியில் கீரை வாங்கினேன். வாடியிருந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

எதிர் நாற்காலி காலி. சிஸ்டர் கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டதாகக் காத்தி பொதுவாகச் சொன்னார்.

இன்று வைத்தது ரெட் ஏல். குருட்டாம்போக்கில் ஓர் எண்ணை வட்டமிட்டேன். தப்பு.

பிப்ரவரி 9, ஞாயிறு

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள். திரைச்சீலைகளைத் துவைத்தேன். சட்டைப் பொத்தான் போட ரொம்ப நேரம் ஆகிறது, பெங்களூர்க் குளிரில் விரல் விறைத்துக்கொள்கிறது. அரசியின் அலமாரியில் புடவைகளுக்கு நடுவே பூச்சி உருண்டை போட்டேன். எத்தனை போட்டேன் என்று தெரியவில்லை. ஒரு பாக்கெட் காலி.

சிஸ்டர் என் தாளை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. டைரியில் இதை எழுதுவதால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

மறுபடி தப்பு. "சார்கூடச் சறுக்குவார் போல" என்று கட்டட வரைபடக்காரர் கேலி செய்தார். இலவச டம்ளரோடு உட்கார்ந்தோம். கம்ப்யூட்டர்க்காரர்களில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர் சாரைப் பாத்து எழுதிட்டாங்களாமே?" என்றார். "பாவம், வயசாயிடுச்சில்ல" என்றார் இன்னொருவர்.

சிஸ்டர் என்னைவிட மூன்று வயது சின்னவர்.

டம்ளரை எடுத்துக் குடித்தேன். டம்ளரில் இருந்தது நல்ல ட்ரிபெல். மதிப்பெண் போடவில்லை. அரை மணி நேரம் முழுக்க இருந்தேன். எந்த அரை மணிக்காக வாயை மூடிக்கொண்டேனோ, அந்த அரை மணி இப்படி இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கங்கப்பா கதவை இடித்தார். திறந்ததும் என்னைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் ஓடி, சிலிண்டரை மூடி, ஜன்னல்களையெல்லாம் திறந்தார். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. காஸ் மட்டும் வந்துகொண்டிருந்திருக்கிறது.

"கீழ் மாடிவரைக்கும் நாறுது சார்! உள்ளே உக்காந்திருக்கீங்க, உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. மகாமோசமான ஒரு வாசனையைக் காஸில் வேண்டுமென்றே கலக்கிறார்கள், எந்த மூக்குக்கும் தப்பாமல் இருக்கட்டும் என்று. மெர்காப்டன் என்று அதன் பெயர். கரும்பலகையில் வாய்பாடு எழுதி, 'இதை மட்டும் யாராலும் தவறவிட முடியாது' என்று வருடா வருடம் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு வாசனை தெரிவதில்லை. சளி இல்லை. எப்போது போனது என்று தெரியாது. டிசம்பரிலேயே சந்தேகம் இருந்தது.

எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

நாலு மணிக்கு டம்ளர்களை வைத்தார்கள். நான் தொடவில்லை. எழுந்து நின்றேன். பிடிபட்ட மாணவனை நான் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லச் சொல்வேன். அது எவ்வளவு கொடுமையான வழக்கம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஃபிலோமினா சிஸ்டர் யாரையும் பார்த்து எழுதவில்லை. நான்தான் அவரைப் பார்த்து எழுதினேன். ஜனவரி ஒன்பதிலிருந்து. எனக்கு மூக்கு வேலை செய்யவில்லை."

காத்தி தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "528-ல ஈரமண்ணுன்னு எழுதினீங்களே சார், அது?"

"கற்பனை."

"உலர்ந்த திராட்சை?"

"அதுவும்."

"நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றார். கோபமா வருத்தமா தெரியவில்லை. வெளியே வாசல்வரை கூட வந்தார். "அன்னிக்கு நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்களா? அவங்களை அழ வெச்சுட்டேன் சார் நான். நீங்க வாத்தியாருன்னு, உங்களைச் சந்தேகப்படவே தோணலை எனக்கு."

"தெரியும்மா. அதுதான் எனக்கு வசதியா இருந்தது."

"குழுவுல உங்களை வெச்சுக்க முடியாதுங்க."

"முடியாது" என்றேன். "சிஸ்டரைக் கூப்பிட்டுடுங்க."

நாலேகாலுக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். வியாழக்கிழமை மாலை இவ்வளவு நீளம் என்பதை மறந்திருந்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

காத்தி சொல்லித் தெரிந்துகொள்வது வேறு, நான் போய்ச் சொல்வது வேறு. விலாசம் வாங்கிக்கொண்டு போனேன். லிங்கராஜபுரத்தில் மகள் வீட்டு மாடியில் ஓர் அறை. கதவைத் திறந்ததும் சிஸ்டர் இடுப்பில் கை வைத்தார்.

"வாங்க வாத்தியாரே. காப்பி அடிச்சது போதாதுன்னு காப்பி குடிக்க வந்தீங்களா?"

"காத்தி சொன்னாங்களா?"

"நேத்தே வந்து அழுதுட்டுப் போச்சு. நீங்க சொல்லுங்க. உங்க வாயால கேக்கணும்."

சொன்னேன். முழுவதும். பிப்ரவரி ஒன்றாம் தேதி சொன்ன பொய் உட்பட. உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே சொன்னேன்.

"முப்பது வருசம் ஆஸ்பத்திரில வேலை செஞ்சவ நான். ஒரு மாத்திரை மாத்திக் குடுத்ததில்ல. என்னைப் போயி திருட்டுத்தனம் பண்ணேன்னு சொல்லி, ரெண்டு வாரம் என் பொண்ணு மூஞ்சியப் பாக்க முடியல. தெரியுமா?"

"தெரியும்."

"தெரியாது உங்களுக்கு." கட்டிலில் போய் உட்கார்ந்தார். "ஏன், அந்தப் பக்கம் ரெண்டு கம்ப்யூட்டர் இருந்துச்சே, அதுங்களைப் பாத்து எழுதுறதுதானே?"

"நீங்கதான் சரியா எழுதுவீங்க, சிஸ்டர்."

சிரிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். உடனே அவர் சிரிப்பு நின்றது. என் முகத்தையே பார்த்தார்.

"இன்னா, சிரிக்கறீங்களா இல்லியா?"

"சிரிக்கிறேன்."

"கண்ணு சிரிக்குது. மூஞ்சி சும்மா இருக்குது." எழுந்து என் அருகே வந்தார். குரல் மாறிவிட்டது. "வாசனை எப்பலேர்ந்து தெரியல? ராத்திரி தூக்கத்துல கைகால் உதைப்பீங்களா?"

அரசி அந்தக் காரணத்துக்காக இரண்டு வருடமாகப் பக்கத்து அறையில் படுக்கிறாள். சொன்னேன்.

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். வலது கை தட்டியது. இடது கை பாதியில் சோம்பேறிப் பையன் மாதிரி சுணங்கியது. வாசல்வரை நடந்து திரும்பி வரச் சொன்னார். "இடது கையை யாராச்சும் சட்டைல தைச்சுட்டாங்களா? ஆட்ட மாட்டேங்கறீங்க?" ஒரு காகிதம் கொடுத்து ஒரே வரியை ஐந்து முறை எழுதச் சொன்னார். 'என் பெயர் வைத்தியலிங்கம்'. முதல் வரி சுமார். ஐந்தாவது வரி கடுகு.

காகிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"என்ன சிஸ்டர்?"

"நான் நர்ஸு. டாக்டர் சொல்லட்டும். நரம்பு டாக்டரு ஒருத்தரு எனக்குத் தெரிஞ்சவரு, வியாழக்கிழமை சாயந்திரம்தான் பாப்பாரு. நாலு மணிக்கு எழுதி வெக்கிறேன்."

"வியாழன் நாலு மணி உங்களுக்கு ஐஸ் ஃபாக்டரி. இப்பதான் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க."

"ஒரு வாரம் நான் போவலன்னா பீரு ஒண்ணும் கெட்டுப்போவாது. கெட்டுப்போச்சுன்னா அடுத்த வாரம் நான் கண்டுபிடிச்சுக் குடுத்துக்கிறேன். மொதல்ல வீட்டுக்காரம்மாவுக்கு ஃபோன் போடுங்க. ஒளிக்காம."

அதற்கப்புறம்தான் உட்காரச் சொன்னார். காப்பி கொடுத்தார். சூடாக, இனிப்பாக இருந்தது. அதற்குமேல் அதைப் பற்றி எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 23, ஞாயிறு

அரசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மடியிலிருந்த பேத்தியைப் படுக்கையில் விட்டாள். நான் பயந்துபோனேன். பிறகு கேட்டாள்:

"பீரா?"

"ஆமா."

"வாரா வாரமா?"

"ஆமா. ஏலுன்னு ஒரு வகை."

"என்ன எழவோ ஒண்ணு." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க சிரிக்கறதில்லைன்னு ஒரு மாசமாச் சொல்றேன். கேமராவைத் துடைக்கறீங்க. காஸைத் திறந்துவிட்டுட்டு உக்காந்திருந்தீங்களே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"உன்னை அங்கேர்ந்து இழுத்துட்டு வர்றதுக்குக் காரணம் சொல்ற மாதிரி இருக்கும்னு நினைச்சேன்."

"காரணம் இல்லாம வான்னு சொல்லலாமே."

முப்பத்தொன்பது வருடக் கல்யாணத்தில் அது எனக்குத் தோன்றவேயில்லை.

"வா" என்றேன்.

அவள் அழுதாள். செழியன் ஃபோனை வாங்கி, ஏப்ரலில் கூட்டி வருவதாகச் சொன்னான். அவனிடமிருந்து மறுபடி பிடுங்கி, "அந்த சிஸ்டர் நம்பரைக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். அரை மணி கழித்துக் கூப்பிட்டால் இரண்டு பேர் நம்பரும் பிஸி.

பிப்ரவரி 27, வியாழன்

மருத்துவமனை வரவேற்பறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாலு மணி ஆகிவிட்டது. டோக்கன் இருபத்திமூன்று. இப்போது இருபத்தொன்று உள்ளே.

ஜனவரியிலிருந்து நான் பூசிமெழுகியதையெல்லாம் சிஸ்டர் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார், டாக்டரிடம் கொடுக்க. பொத்தான், எழுத்து, தூக்கம், மூக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரே வார்த்தை. 'மோசம்' என்று எதற்கும் போடவில்லை என்பதைக் கவனித்தேன்.

கை நடுங்காமலேயே நடுக்குவாதம் தொடங்கலாம் என்று படித்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதையும் எழுதிவிடுகிறேன்.

கவுன்டரில் இருந்த பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டே, "கூட வந்தது யாரு? மனைவியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றார் சிஸ்டர். "என்னைப் பாத்துக் காப்பி அடிச்சவரு இவரு."

அந்தப் பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அப்ப உறவுன்னு என்ன போட மேடம்?"

"நீயே பாத்து ஏதாச்சும் போட்டுக்கோ. வாத்தியாரு பக்கத்துல இருக்காரு, தப்பா எழுதினா திருத்துவாரு."

அவள் என்ன எழுதினாள் என்று தலைகீழாகப் பார்த்தேன். 'நண்பர்' என்று கன்னடத்தில் போட்டிருந்தாள். சிஸ்டர் மொழிபெயர்த்துச் சொன்னார். நான் திருத்தவில்லை.

இருபத்திரண்டாவது ஆள் வெளியே வருகிறார். சிஸ்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போலாமா வாத்தியாரே?" என்கிறார். போகிறோம்.